நொண்டிக் குதிரை

வீடு அமைதியாக இருந்தது. ஏதோ கோளாறு என்று எலிக்கு வாசலிலேயே தெரிந்துவிட்டது.

முட்டையும் ரொட்டியும் வாங்கக் கடைக்குப் போயிருந்தவன், செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று காது கொடுத்தான். அம்மா துணி போடுகிற நேரம் இது. சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவே இருக்கிற இடுக்கில் வாஷிங் மெஷின் இந்நேரம் துணியைப் பிழிய ஆரம்பித்திருக்க வேண்டும். அது ஆரம்பித்தால் வீட்டில் யாரும் யாரோடும் பேச முடியாது. தடக் என்று ஓர் அடி விழும். அடுத்த அடி விழ வேண்டிய இடத்தில் விழாமல், போகலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டு, கொஞ்சம் பிந்தி விழும். பிறகு இரண்டு அடி அவசர அவசரமாக. அதன் வாலைப் பிடித்துக்கொண்டு டிங் என்று ஒரு சின்னச் சத்தம். இப்படியே வேகம் எடுத்து, அலமாரியில் தட்டுகள் கலகலத்து, மெஷின் தன் இடத்தை விட்டு ஒரு சாண் நடந்து வெளியே வந்துவிடும். அதனால் வீட்டில் அதற்குக் குதிரை என்று பெயர். ஓடிவிடாமல் இருக்க முன்னால் ஒரு செங்கல்லை அணை கொடுத்து வைத்திருந்தார்கள்.

எலி உள்ளே போய்ப் பார்த்தான். மெஷின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ம்ம்ம் என்று, தூக்கத்தில் முனகுகிற மாதிரி. செங்கல்லைக் காணோம்.

"என்னம்மா ஆச்சு இதுக்கு?"

"அதிசயம் ஆச்சு," என்றாள் அம்மா. "உங்கப்பா ரிப்பேர் பண்ணிட்டாரு."

அப்பாவுக்குத் தொழிலே அதுதான். வாஷிங் மெஷின் மெக்கானிக். சுற்றுவட்டாரத்தில் எந்த வீட்டு மெஷின் மக்கர் பண்ணினாலும் அவருக்குத்தான் போன் வரும். கூப்பிட்ட வீட்டுக்கெல்லாம் ஓடி ஓடிச் சரிசெய்கிற மனுஷர், சொந்த வீட்டு மெஷினை மட்டும் வருஷக்கணக்காக நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே வந்தார். அம்மா கெஞ்சிப் பார்த்தாள், திட்டிப் பார்த்தாள், வேறு மெக்கானிக்கைக் கூப்பிடப் போவதாக மிரட்டியும் பார்த்தாள். எதற்கும் அவர் அசைந்து கொடுத்ததில்லை.

எலி பையைக் கீழே வைத்தான். அப்படியே சுவரில் சாய்ந்துகொண்டான். அவனுடைய பிழைப்பு அந்த மெஷினுக்குள் இருந்தது. அதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று புரியவில்லை.

எலி என்பது அக்கா வைத்த பெயர். சின்ன வயதில் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டு டப்பாக்களைத் தட்டிக்கொண்டே கிடப்பான், அதனால் வந்தது. தொழில் தொடங்கியபோது வேறு பெயர் யோசிக்கச் சோம்பல்பட்டு அதையே கடைப் பெயராகவும் ஆக்கிவிட்டான்: சுண்டெலி பீட்ஸ். கடை என்றால் இணையத்தில்தான். ராப் பாடுகிறவர்களுக்குப் பின்னால் ஓடுகிற தாளத்தையும் இசையையும் செய்து அங்கே ஏற்றுவான், பீட் என்பது அதுதான். பாட்டு அவர்களுடையது, அடி இவனுடையது. பிடித்தவர்கள் வாங்கிக்கொள்வார்கள். வாங்காமலே யாரும் எடுத்துக்கொண்டு ஓடிவிடக் கூடாது என்று ஒவ்வொரு பீட்டின் நடுவிலும் அக்காவின் குரல், "ஏய் எலி, சாப்பிட வா" என்று கூப்பிடும். வாங்கியவர்களுக்கு அக்கா இல்லாத பீட் போகும். முகம் தெரியாத யார் யாரோ, அவன் சாப்பிட்டானா இல்லையா என்று அக்கறையாக விசாரித்து எழுதியிருக்கிறார்கள்.

ஒரே பீட்டைப் பல பேருக்கு வாடகைக்கு விடுகிற மாதிரி விற்கலாம். ஒருவருக்கே முழுசாக எழுதிக் கொடுப்பதும் உண்டு. அப்படிக் கொடுத்துவிட்டால் அந்த பீட்டிலிருந்து ஒரு சத்தத்தைக்கூட வேறு ஆளுக்குத் தரக்கூடாது. கல்யாணம் முடிந்த பெண்ணுக்கு மறுபடி வரன் பார்க்க முடியுமா என்று அக்கா இதைத் தன் சிநேகிதிகளுக்கு விளக்குவாள். வீட்டு மெஷின் சத்தத்தை ஒரு நாள் விளையாட்டாகப் பதிவு செய்து, 'நொண்டிக் குதிரை' என்று பெயர் வைத்து எலி செய்த பீட் அப்படித்தான் போனது. ஒரு பையன் முழுசாக வாங்கிக்கொண்டான். அவன் பாட்டு சுமாராக ஓடியது. ஆனால் அது நெருப்புக்கோழியின் காதில் விழுந்தது.

நெருப்புக்கோழி என்பது மேடைப் பெயர். அந்தப் பெண் பாடினால் அரங்கம் நிறையும். எலியைத் தேடிப் பிடித்துக் குரல் செய்தி அனுப்பியிருந்தாள். "தம்பி, அந்தக் குதிர என் தலைக்குள்ளயே ஓடிட்டு இருக்கு. எனக்கு ஆல்பம் முழுக்க வேணும். அதே அடி வேணாம், அது வித்த பொருள்னு தெரியும். அதே குதிர, வேற வேற ஓட்டம். இந்த வாரத்துக்குள்ள ஒண்ணு அனுப்பு. பிடிச்சிருந்தா மிச்சம் எல்லாம் உனக்குத்தான். கம்ப்யூட்டர்ல செஞ்சு ஏமாத்தப் பாக்காத, கண்டுபிடிச்சிருவேன்."

பழைய பதிவைத் தொடக்கூடாது, புதிதாகத்தான் பிடிக்க வேண்டும். கவலையே படாதீங்கக்கா என்று எலி பதில் போட்டான். குதிரை வீட்டில்தானே இருக்கிறது, எங்கே ஓடிப்போகப் போகிறது என்று நினைத்து, முதலில் மற்ற வாத்தியங்களைச் செய்து முடிக்க உட்கார்ந்தான். ஒரு மெக்கானிக் வீட்டில் மெஷின் ரிப்பேராகும் என்று அவன் கனவிலும் எதிர்பார்க்கவில்லை.

இதே வாரத்துக்குள் இன்னொரு பதிலும் சொல்ல வேண்டியிருந்தது. அவன் முன்பு வேலை பார்த்த பார்சல் கிடங்கின் மேற்பார்வையாளர் திரும்பி வரச் சொல்லிக் கூப்பிட்டிருந்தார். வாரக் கடைசிக்குள் சொல்லாவிட்டால் வேறு ஆள் வந்துவிடுவான். கடையை நம்பி இருந்தது போதும், நெருப்புக்கோழியும் கைவிட்டால் கிடங்குதான் என்று எலி தனக்குள் முடிவு செய்திருந்தான். வேலையை விட்டபோது அப்பா ஒன்றும் சொல்லவில்லை. பையன் என்ன பண்றான் என்று யாராவது கேட்டால், "கம்ப்யூட்டர்ல ஏதோ பண்றான்" என்று சொல்லிவிட்டு வெயிலைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார். அவர் திட்டியிருந்தால்கூட எலிக்கு இத்தனை வலித்திருக்காது.

"திடீர்னு எதுக்கும்மா ரிப்பேர் பண்ணாரு?" என்று மெதுவாகக் கேட்டான்.

அம்மா முட்டைகளை எடுத்து அடுக்கிக்கொண்டே சொன்னாள். "நீ போர்வையப் போத்திக்கிட்டு உள்ள உக்காந்து ரெக்கார்ட் பண்றியாமே. நேத்து பாத்திருக்காரு. இந்த மெஷின் சத்தத்துக்குப் பயந்துதான் புள்ள அப்படி வேர்த்து விறுவிறுத்து உக்காந்திருக்கான்னு நெனச்சுட்டாரு. நீ கடைக்குப் போனதும் பெட்டியத் தூக்கிட்டு வந்துட்டாரு. என்னங்க மழ வரப் போகுதான்னு கேட்டேன். அவன் வேல செய்ற வீடு, சத்தமில்லாம இருக்கட்டும்னாரு."

வேலை என்று சொல்லியிருக்கிறார். அப்பா வாயிலிருந்து அந்த வார்த்தை வர அவன் எவ்வளவு காலம் காத்திருந்தான். வந்தது வந்தது, தொழிலுக்கே வேட்டு வைத்துவிட்டு வந்திருக்கிறது. இதைச் சொல்லி அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல், "நல்லா ஓடுதும்மா" என்று மட்டும் சொன்னான்.

அப்பாவிடம் சொல்வதில்லை என்று அப்போதே முடிவெடுத்துவிட்டான். ஆசையாகச் செய்து கொடுத்ததை, ஐயோ கெடுத்துவிட்டீர்களே என்று எந்த வாயால் சொல்வது?

அன்று மத்தியானம் அம்மா கண்ணயர்ந்த நேரம் பார்த்து மெஷினைச் சீண்டிப் பார்த்தான். ஒரே பக்கமாக நனைந்த போர்வையைத் திணித்தான். காலுக்கு அடியில் அட்டையைச் செருகிச் சாய்த்தான். மெஷின் கொஞ்சம் உறுமியது, பிறகு தன்னைத்தானே சமாளித்துக்கொண்டு பழையபடி முனக ஆரம்பித்துவிட்டது. அப்பாவின் வேலை அப்படி. மருந்துக்கடை வேலை முடிந்து வந்த அக்காவிடம் விஷயத்தைச் சொன்னபோது அவள் கட்டிலில் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி, இந்தக் குதிர போனா என்ன, ஊர்ல வேற குதிரையே இல்லயா? நாலு வீட்டுக்குப் போய்க் கேட்டுப் பாரேன்" என்றாள்.

அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. மறுநாள் காலையிலேயே மைக்கைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினான். எதிர்வீடு, பக்கத்து வீடு, மாடி வீடு என்று கதவைத் தட்டி, உங்க மெஷின் எப்படி ஓடுதுன்னு கொஞ்சம் கேட்டுட்டுப் போறேன் என்றான். மெக்கானிக் மகன் என்பதால் யாரும் தடுக்கவில்லை. காதை மெஷினில் ஒட்ட வைத்துக் கேட்டான். எல்லாம் ம்ம்ம். ஒரு வீட்டில் பாட்டியம்மாள் ஒருத்தி பெருமையாக, "உங்கப்பா கை வச்சதுலேர்ந்து இருக்கிற எடமே தெரியலப்பா" என்றாள். அந்தத் தெருவிலும் அடுத்த தெருவிலும் ஆடுகிற மெஷின் ஒன்றுகூட இல்லை. சலவைக் கடைக்குப் போனான். அங்கே வரிசையாக நின்ற பெரிய மெஷின்களெல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தன. அவற்றையும் அப்பாதான் பார்க்கிறாராம். இத்தனை நல்ல மெக்கானிக்குக்குப் பிள்ளையாகப் பிறந்தது தன் தலையெழுத்து என்று நொந்துகொண்டே எலி வீடு திரும்பினான்.

அப்பா அவனுக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தார். சாப்பாட்டு நேரத்தில் அவர் வீட்டுக்கு வருவதே கிடையாது. வேலை உடுப்பைக்கூட மாற்றவில்லை. அம்மா சமையலறை வாசலில் நின்று கண்ணால் என்னவோ சாடை காட்டினாள், எலிக்குப் புரியவில்லை.

"போன் மேல போன் வருது," என்றார் அப்பா. "உங்க பையன் வந்து மெஷின்ல காது வச்சுக் கேட்டுட்டுப் போறான், ஏதாவது கோளாறான்னு எல்லாரும் பயந்துட்டாங்க."

எலி தலையைக் குனிந்துகொண்டான்.

"தொழில் கத்துக்கணும்னா எங்கிட்டயே கேட்டிருக்கலாம். நான் மாட்டேன்னா சொல்லப் போறேன்?" அப்பா உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே பேசினார். குரலில் சந்தோஷம் இல்லை. அப்படியே குனிந்தபடி, "அந்த பீட்டு வேல என்னாச்சு? விட்டுட்டியா?" என்றார்.

"இல்லப்பா."

"சத்தம் தொந்தரவா இருந்தா இன்னும் ஏதாவது செஞ்சு தரேன். கதவுக்கு ரப்பர் அடிச்சா வெளிச்சத்தம் உள்ள வராது. அதுக்காக விட்ராத. உங்கக்கா போட்டுக் காட்டுனா, நல்லாத்தான் இருந்துச்சு. எனக்கு ஒண்ணும் புரியல, ஆனா நல்லாத்தான் இருந்துச்சு."

இதற்கு மேல் எலியால் தாங்க முடியவில்லை. போனை எடுத்து, விற்றுப்போன பீட்டைப் போட்டான். தடக். யோசனை. தடக் தடக். டிங். அப்பா முதலில் சும்மா கேட்டார். பிறகு புருவம் சுருங்கியது. பிறகு மெல்லத் திரும்பி இடுக்கின் பக்கம் பார்த்தார்.

"இது நம்ம மெஷின்."

"ஆமாப்பா."

"இதையா விக்கிற?"

"ஒருத்தர் வாங்கிட்டாருப்பா. இப்போ இன்னொருத்தர் இதே மாதிரி ஆல்பம் முழுக்கக் கேக்குறாங்க." நெருப்புக்கோழி அனுப்பியதைப் போட்டுக் காட்டினான். கிடங்குக்காரருக்குச் சொல்ல வேண்டிய பதிலையும் சேர்த்துச் சொல்லிவிட்டான். மனசிலிருந்தது எல்லாம் கொட்டிப்போனது.

அப்பா மறுபடி உள்ளங்கையைப் பார்க்க ஆரம்பித்தார். அவமானப்பட்டுவிட்டாரோ என்று எலி பயந்தான். மெக்கானிக் வீட்டுப் பழுதை ஊர் உலகத்துக்கே விற்றிருக்கிறான், எந்த அப்பாவுக்குத்தான் பொறுக்கும்? ஆனால் அவர் நிமிர்ந்தபோது முகத்தில் கோபம் வேறு மாதிரி இருந்தது.

"நேத்தே சொல்றதுக்கென்ன? நான் என்ன வேத்து மனுஷனா?"

"நீங்க ஆசையா செஞ்சீங்கப்பா."

"ஆசையா செஞ்சா என்ன? தப்பு தப்புதானே," என்று எழுந்தார். வெளியே நின்ற தன் வண்டியின் பின்னால் இருந்த சாக்கைக் கொண்டுவந்து கொட்டினார். எடைக்குப் போட வைத்திருந்த பழைய இரும்புக்கு நடுவில் குதிரையின் ஷாக் அப்சார்பர் கிடந்தது. உள்ளே சுற்றுகிற டிரம்மைத் தாங்கிப் பிடிக்கிற உருளை அது. உயிர் போய், தொட்டால் தொளதொளவென்று ஆடியது. அதை இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்துக்கொண்டு, "நல்லதக் கழட்டிட்டுக் கெட்டத மாட்டுறது இதான் மொத தடவ" என்றார். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அரை மணி நேரம் போல மெஷின் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. அப்பா உள்ளே தலையை விட்டு வேலை செய்தார், எலி டார்ச் பிடித்தான். மூடியதும் அம்மா துணியைப் போட்டாள். எலி மைக்கைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தான். மெஷின் வேகம் எடுத்தது. தடக். யோசனை. தடக் தடக்.

எலி உதட்டைப் பிதுக்கினான்.

"என்ன? வருதே," என்றார் அப்பா.

"அந்த டிங் இல்லப்பா. அது இல்லன்னா மொட்டையா இருக்கு. நெருப்புக்கோழி அக்கா அதத்தான் என்ன வாத்தியம்னு கேட்டாங்க. மெஷின்ல ஏதோ லூசா இருந்து வருதுன்னு நெனச்சேன்."

அப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. ஓட்டத்தை நிறுத்தி மறுபடி திறந்தார். இந்த நட்டைத் தளர்த்தினார், அந்தத் தகட்டை நெம்பினார். விடுமுறையில் இருந்த அக்காவும் வந்து சேர்ந்துகொண்டு, கரண்டியால் மெஷினைத் தட்டி, "இந்த டிங்கா, இந்த டிங்கா" என்று உயிரை வாங்கினாள். எதுவும் அது இல்லை. இந்தச் சின்னச் சத்தத்துக்காகத்தான் கடைசியில் கிடங்குக்குப் போகப் போகிறோம் என்று எலி நினைத்துக்கொண்டான்.

அம்மா இதையெல்லாம் இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். "கொஞ்சம் நகருங்க," என்றாள். ஜன்னல் விளிம்பில் இருந்த சோப்பு டப்பாவை எடுத்துத் திறந்து காட்டினாள். உள்ளே குட்டிக் குட்டியாக ஸ்க்ரூக்கள், வாஷர்கள், நட்டுகள்.

"எல்லாம் உங்கப்பா பேன்ட் பாக்கெட்ல இருந்து மெஷினுக்குள்ள விழுந்தது. தொவைக்கிறப்போ ஒண்ணு ரெண்டு உள்ள உருண்டுட்டே இருக்கும். எடுத்து எடுத்து இதுல போட்டு வைப்பேன். நேத்து ரிப்பேர் பண்ணிட்டு, இனிமே பாக்கெட்டப் பாத்துத்தான் போடணும்னு சட்டம் போட்டாரு. இன்னிக்கு ஒழுங்காப் பாத்துட்டுப் போட்டேன். அப்புறம் எங்கேர்ந்து டிங் வரும்?"

அப்பா டப்பாவுக்குள் எட்டிப் பார்த்தார். "என் பெட்டியிலேர்ந்து யாரோ திருடுறாங்கன்னு நெனச்சுட்டு இருந்தேன்," என்றார்.

அவருடைய வேலை பேன்ட் ஒன்று கொடியில் கிடந்தது. அம்மா அதை எடுத்து, பாக்கெட்டில் ஒரு ஸ்க்ரூவையும் ஒரு வாஷரையும் போட்டு, மெஷினுக்குள் எறிந்து கதவைச் சாத்தினாள். ஒவ்வொரு நாளும் எப்படி எறிவாளோ அப்படியே, கொஞ்சம் எரிச்சலோடு. "யாரும் மூச்சு விடாதீங்க" என்று அக்கா எல்லோரையும்விடச் சத்தமாகச் சொன்னாள். தண்ணீர் ஏறியது, புரண்டது, வடிந்தது. நாலு பேரும் அந்த இடுக்கில் தோளோடு தோள் முட்டிக்கொண்டு நின்றார்கள்.

தடக். யோசனை. தடக் தடக். டிங்.

எலிக்குக் கண் கலங்கிவிட்டது. மெஷின் துணி பிழிவதைக் கேட்டு அழுகிறவன் உலகத்தில் தான் ஒருவனாகத்தான் இருக்கும் என்று தோன்றியது. குதிரை வேகம் பிடித்து மெல்ல நடக்க ஆரம்பித்தது. செங்கல்லைத்தான் நேற்றே தூக்கிப் போட்டாகிவிட்டதே. அப்பா சத்தம் வராமல் ஓரடி முன்னால் வந்து, மெஷினின் முன்னால் தொடையை முட்டுக் கொடுத்து நின்றுகொண்டார். அது அவரை உதைத்துக்கொண்டே இருந்தது. கன்னச் சதையெல்லாம் குலுங்க, பல்லைக் கடித்துக்கொண்டு, ஓட்டம் முடிகிற வரைக்கும் அவர் ஒரு முனகல்கூட விடவில்லை.

புதிய பீட்டை எலி மறுநாள் முடித்தான். பணம் வரும்வரை அக்கா குரலோடுதான் அனுப்ப வேண்டும் என்பதால், சாப்பிடக் கூப்பிடுகிற அக்காவையும் நடுவில் வைத்து நெருப்புக்கோழிக்கு அனுப்பினான். அவள் கேட்டுவிட்டாள் என்பதற்கு அடையாளம் வந்தது. பதில் வரவில்லை. கிடங்குக்காரரின் செய்தியும் பதில் போடாமல் அப்படியே இருந்தது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தான். அன்றைக்கும் அப்பா மத்தியானமே வீட்டுக்கு வந்திருந்தார். ஏன் வந்தீர்கள் என்று யாரும் கேட்கவில்லை.

பாதிச் சாப்பாட்டில் அப்பாவின் போன் அடித்தது. யாரோ புது வாடிக்கையாளர், மெஷின் பயங்கரமாகச் சத்தம் போடுகிறதாம். எலி பாதி கவனத்தோடுதான் கேட்டுக்கொண்டிருந்தான்.

"எப்படிப்பட்ட சத்தம்ங்க? ஒரே மாதிரி விழுதா, விட்டு விட்டு விழுதா? அப்படியா? நிறுத்தாதீங்க. வேற யாரையும் தொடவும் விடாதீங்க. நானும் என் பையனும் வரோம்." அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். அப்பா ஒரு விநாடி யோசித்தார். வெயிலைப் பற்றி ஏதாவது சொல்லப் போகிறார் என்று எலி நினைத்தான். "இல்லங்க, அவன் மெக்கானிக் இல்ல. பீட் போடுறவன். ரிப்பேருக்கு நான், அதுக்கு முன்னாடி கேக்குறதுக்கு அவன். போனக் கொஞ்சம் மெஷின் பக்கத்துல கொண்டு போங்க."

அவர் ஸ்பீக்கரைப் போட்டு, தட்டுகளுக்கு மேலே கையை நீட்டி, போனை எலியின் முகத்துக்கு நேரே பிடித்தார். அம்மா எழுந்து போய் மின்விசிறியை நிறுத்தினாள்.